முரசு கொட்டிய ஊர்: மதுரையில் தேமுதிக, ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் தெருமுனையில் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. மேல மாசி வீதிக்கு நடந்தே போய்விடலாம். பட்டறைக்காரரைப் பட்டறை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அந்தப் பெயரே போதும். அவரிடம் ஒரு லாங் சைஸ் நோட்டு உண்டு. கிரைண்டர் பொறி தெறித்து அட்டை முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் கருகியிருக்கும். 2005 கடைசியில் ஆரம்பித்த நோட்டு. 'கோடி வீட்டம்மா, முதியோர் பென்சன்', 'அடிபம்பு வாசர்', 'ரேசன் கார்டு, மருமக பேர் சேக்கணும்', 'லைட்டு எரியல, மூணு போஸ்ட்டு' என்று வரிவரியாக எழுதியிருக்கிறார். முடிந்த காரியத்துக்கு எதிரே சிவப்பு மையில் டிக். முடியாததற்கு எதிரே வெற்றிடம்.

நோட்டில் எந்த இடத்திலும் கட்சியின் பெயர் இல்லை. ஆனால் மதுரையில் ஒரு கட்சி எப்படிப் பிறந்தது, யாரையெல்லாம் அரசியலுக்குள் இழுத்து வந்தது, எப்படி வற்றிப் போனது என்று யோசிக்க உட்கார்ந்தபோது எனக்கு முதலில் கையில் கிடைத்த சான்று அதுதான்.

கேள்வி இரண்டு. ஒரு தலைவரின் முகத்தை நம்பி எழுகிற கட்சி, அதுவரை ஒதுங்கி நின்றவர்களை ஜனநாயகத்துக்குள் கொண்டுவருகிறதா? அப்படிக் கொண்டுவந்தவர்களுக்கு உள்ளே உட்கார இடம் போட்டுக் கொடுக்கிறதா? பேசும்போது இந்த இரண்டையும் நாம் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். மைதானம் நிரம்பினால் இரண்டாவது கேள்விக்கும் பதில் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

எம்.ஜி.ஆரை வைத்தே இதை எழுதியிருக்கலாம். அவர் கட்சியின் முதல் தேர்தல் வெற்றி 1973 திண்டுக்கல் இடைத்தேர்தல். திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. 1980-இல் அவரே மதுரை மேற்கில் நின்று ஜெயித்தார். ஆனால் அது ஆட்சியைப் பிடித்து நிலைத்த கட்சியின் கதை. அரசாங்கத்தின் கணக்கும் கட்சியின் கணக்கும் அங்கே பிரிக்க முடியாமல் கலந்துகிடக்கும். விஜயகாந்தின் தேமுதிக சின்ன வட்டம். தொடக்கமும் ஏற்றமும் இறக்கமும் இருபது வருடத்துக்குள் கண் முன்னால் நடந்து முடிந்தன.

சொல்லைப் பற்றிக் கொஞ்சம்

'ஜனரஞ்சக அரசியல்' என்றால் நம் பத்திரிகைகளில் இலவசம் கொடுப்பது என்று பொருளாகிவிட்டது. டிவி, மிக்சி, கிரைண்டர், ஆடு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சத்துணவும் ரேஷன் அரிசியும் அரசு செய்யவேண்டிய வேலைகள். நன்றாகச் செய்தார்களா என்று தனியாக விவாதிக்கலாம். இங்கே நான் அந்தச் சொல்லை வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்கிறேன். ஜனங்கள் எல்லாரும் ஒரு பக்கம், ஆண்டு தின்றவர்கள் எல்லாரும் இன்னொரு பக்கம், ஜனங்களுடைய குரல் நான் ஒருத்தன்தான் என்று ஒருவர் மேடையேறிச் சொல்வது. கவனிக்கவேண்டியது அந்த 'ஒருத்தன்தான்'.

2005: போர்டைச் சுரண்டிய நாள்

2005 செப்டம்பர் 14 அன்று மதுரையில் விஜயகாந்த் கட்சியை அறிவித்தார். மதுரைக்காரர், அப்பா ரைஸ் மில் வைத்திருந்தவர், பேச்சில் ஊர் வாடை போகாதவர். இரண்டு பெரிய கழகங்களும் ஒன்றுதான், தெய்வத்தோடும் மக்களோடும் மட்டும்தான் கூட்டணி என்பது அவர் பேச்சின் சாரம். ரேஷன் பொருள் வீடு தேடி வரும் என்று வாக்குறுதி கொடுத்தார். (2025 ஆகஸ்டில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ரேஷன் கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டத்தைத் திமுக அரசு தொடங்கியபோது பட்டறை அண்ணன் போன் பண்ணி, "பாத்தீங்களா தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.)

கட்சிக்கு அடித்தளமாக இருந்தவை விஜயகாந்த் ரசிகர்களின் நற்பணி மன்றங்கள். ரத்ததானம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், ஆகஸ்ட் 25 பிறந்தநாளை வறுமை ஒழிப்பு தினமாகக் கொண்டாடி அன்னதானம் என்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டி அது. "மன்றப் போர்டை உப்புத்தாள் போட்டுச் சுரண்டி, மேலயே கிளைக் கழகம்னு எழுதுனோம்ணே. பெயின்ட் காயறதுக்குள்ள நாலு பேரு வந்து எங்களையும் சேத்துக்கங்கன்னாய்ங்க" என்றார் பட்டறை அண்ணன். என்னை அவர் சில நேரம் தம்பி என்பார், சில நேரம் அண்ணே என்பார். மதுரையில் அது ஒரு குழப்பமே இல்லை.

சேர்ந்த நாலு பேர் யார் என்று கேட்டுப் பார்த்தேன். இட்லிக் கடைக்காரர் ஒருவர், லோடுமேன் இருவர், கல்லூரியைப் பாதியில் விட்ட பையன் ஒருவன். நாலு பேருமே அதற்கு முன் ஓட்டுப் போட்டவர்கள்தான், ஆனால் எந்தக் கட்சி அலுவலகப் படியும் ஏறாதவர்கள். பெரிய கட்சிகளில் வட்டச் செயலாளர் பதவி என்பது பெரும்பாலும் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிற நாற்காலி. அவர் எழுந்தாலும் அவருடைய மகன் உட்காருவார். புதுக் கட்சியில் நாற்காலியே அன்றைக்குத்தான் செய்யப்பட்டது.

2006 சட்டமன்றத் தேர்தல் அன்று அண்ணன் முதல் முறையாக பூத் ஏஜென்டாக உட்கார்ந்தார். விடிவதற்கு முன் குளித்து, விபூதி பூசி, மாதிரி வாக்குப்பதிவுக்கு முன்னாலேயே பள்ளிக்கூட வாசலில் நின்றாராம். இயந்திரத்தில் பட்டனை அமுக்கிக் காட்டி, எண்ணிக் காட்டி, அழித்து, சீல் வைத்து, அந்தத் தாளில் இவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். சாயங்காலம், பதிவான ஓட்டுக் கணக்கை எழுதிய 17சி படிவத்தின் நகலைக் கையில் கொடுத்தார்கள். அதை அவர் லேமினேட் செய்து வைத்திருக்கிறார். "சர்க்காரு தாளுல என் கையெழுத்துண்ணே. அதுக்கு முன்னாடி பேங்க் லோன்ல மட்டுந்தான் போட்ருக்கேன்." பங்கேற்பு என்று நாம் புத்தகத்தில் படிக்கிற சொல்லுக்கு நான் பார்த்த மிகத் தெளிவான உருவம் அந்த லேமினேட் போட்ட தாள்.

தமிழ்நாட்டில் 2001-இல் வாக்குப்பதிவு சுமார் 59 சதவீதம். 2006-இல் அது 70-ஐத் தாண்டியது. 2011-இல் 78-ஐத் தொட்டது. இதை முழுக்கத் தேமுதிக கணக்கில் எழுதுவது தப்பு. 2006 என்பது இரண்டு ரூபாய் அரிசியும் கலர் டிவியும் வாக்குறுதியாக வந்த தேர்தலும்கூட. பட்டியல் திருத்தமும் கணக்கில் உண்டு. ஆனால் மூன்றாவதாக ஒரு சின்னம் எல்லா பூத்திலும் ஆள் போட்டு நின்றது என்பதையும் ஒதுக்கிவிட முடியாது.

முடிவைப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் தனியாக நின்று 8.4 சதவீதம், சுமார் 27 லட்சம் ஓட்டு. கிடைத்த எம்எல்ஏ ஒருவர், விருத்தாசலத்தில் தலைவர் மட்டும். 2011-இல் அதிமுகவோடு கூட்டணி. வாக்கு சதவீதம் 7.9 ஆகக் குறைந்தது, எம்எல்ஏக்கள் 29 ஆனார்கள். ஓட்டு குறைந்து இடம் 29 மடங்கு. நம் தேர்தல் முறையில் பிரதிநிதித்துவம் ஓட்டில் பாதி, ஒப்பந்தத்தில் பாதி. ஜனங்களோடுதான் கூட்டணி என்று ஆரம்பித்த கட்சியும் இந்தக் கணக்கின் முன்னால் ஆறே வருடத்தில் பேச்சை மாற்றிக்கொண்டது. அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 27 லட்சம் பேருக்கு ஒரே ஒரு நாற்காலி என்றால் யாராக இருந்தாலும் மாற்றிக்கொள்வார்கள்.

ஒரே மாதம், இரண்டு தேர்தல்

2006 அக்டோபரில் மதுரை மாவட்டத்தில் நடந்த இரண்டு தேர்தல்களை அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

ஒன்று, பி.டி.ஆர். பழனிவேல்ராஜன் மறைவால் நடந்த மதுரை மத்தி இடைத்தேர்தல். திமுக ஜெயித்தது, தேமுதிக மூன்றாமிடம். ஆட்டோ, மைக், கொடி, சினிமா முகங்கள் என்று சிம்மக்கல் பக்கம் நடக்க இடம் இல்லை.

இன்னொன்று, அதே வாரத்தில் உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் நடந்த தேர்தல். 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிகள் அவை. பத்து வருடம் அங்கே தேர்தல் நடக்கவிடவில்லை. நடந்தாலும் ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்யவேண்டியிருந்தது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொல்லப்பட்ட மாவட்டம் இது. வேட்புமனு போடுவதற்கே எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று அதை வைத்துப் புரிந்துகொள்ளலாம். 2006-இல் கலெக்டராக இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசி, உட்கார்ந்து, மறுபடி பேசி, தேர்தல் நடந்தது. ஜெயித்தவர்கள் பதவியில் நீடித்தார்கள். அந்த நவம்பரில் சென்னையில் அதற்கு சமத்துவப் பெருவிழா எடுத்தது அரசு.

இதை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 'ஜனங்கள் எல்லாரும் ஒரு பக்கம்' என்று பேசுகிற அரசியலுக்குப் பாப்பாபட்டியில் என்ன சொல்வதென்று தெரியாது. அங்கே மனு போட நினைத்தவரும் ஜனம், தடுத்தவரும் ஜனம். எதிரி கோட்டையில் உட்கார்ந்திருக்கவில்லை, அடுத்த தெருவில் இருந்தான். ஜனத்தை ஒரே கட்டியாகப் பார்க்கிற எந்தக் கட்சியும், தேமுதிகவை மட்டும் சொல்லவில்லை, அந்தக் கட்டிக்குள் யார் மேலே யார் கீழே என்று கேட்கத் தயங்கும். கேட்டால் ஒரு பக்கத்து ஓட்டு போய்விடும். பாப்பாபட்டியில் வேலை செய்தது மேடையும் முகமும் இல்லை. பேர் வாங்காத, சலிப்பூட்டுகிற, மாதக்கணக்கான பேச்சுவார்த்தை.

89 சதவீதம்

2009 ஜனவரி 9, திருமங்கலம் இடைத்தேர்தல். வாக்குப்பதிவு 89 சதவீதத்தை ஒட்டி வந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஜனநாயகத் திருவிழா. திமுகவின் லதா அதியமான் 39,266 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தேமுதிக மறுபடி மூன்றாமிடம். 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற சொல் அப்போதுதான் தமிழ் அரசியலுக்குக் கிடைத்தது. வீடு வீடாகப் பணக் கவர் போனதாக எழுந்த குற்றச்சாட்டு இந்தியா முழுக்கப் பேசப்பட்டது.

ஆகவே வாக்குப்பதிவு சதவீதத்தைப் பங்கேற்புக்கு அளவுகோலாக எடுப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. 2011-இல் தேர்தல் ஆணையம் சகாயத்தை மதுரை கலெக்டராக்கிக் கெடுபிடி காட்டியபோதும் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஓட்டுப் போட்டார்கள்; அதே திருமங்கலம் அதிமுக கைக்குப் போனது. கவர் இல்லாவிட்டால் ஜனம் வராது என்பது கவர் கொடுப்பவர்கள் கிளப்பிவிட்ட கதை என்றுதான் நினைக்கிறேன்.

பட்டறை அண்ணன் திருமங்கலத்தில் பத்து நாள் வேலை பார்த்தார். சொந்தக் காசில் டீ, பஸ். "நாங்க போற வீட்டுல எல்லாம் உக்காருங்கம்பாய்ங்க, மோரு குடுப்பாய்ங்க. ஆனா கண்ணு வாசல்லயே இருக்கும், அடுத்து யாரு வாராகன்னு." நோட்டில் அந்த வாரத்துக்கு ஒன்றுமே எழுதவில்லை.

ஜெயித்த பிறகு

2011-இல் மதுரை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளையும் அதிமுக கூட்டணி எடுத்தது. அதில் மதுரை மத்தியும் திருப்பரங்குன்றமும் தேமுதிகவுக்கு. 29 இடங்களோடு அது திமுகவைவிடப் பெரிய கட்சி. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர். கட்சி பிறந்த ஊரில், தன் தொகுதியிலேயே, கட்சிச் சின்னமான முரசு ஜெயித்ததில் அண்ணன் அன்றைக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டார்.

எட்டே மாதம். பால் விலை, பஸ் கட்டண உயர்வு விவாதத்தில் 2012 பிப்ரவரி 1 அன்று சட்டமன்றத்தில் விஜயகாந்துக்கும் ஜெயலலிதாவுக்கும் நேருக்கு நேர் மோதல். விஜயகாந்த் பத்து நாள் இடைநீக்கம். கூட்டணி முடிந்தது. அக்டோபரில் தேமுதிக எம்எல்ஏக்கள் நாலு பேர் முதல்வரைச் சந்தித்தார்கள். மதுரை மத்தி உறுப்பினர் அவர்களில் ஒருவர். தொகுதி நலனுக்காகச் சந்தித்தோம் என்றார்கள். பின்னால் இன்னும் சிலர் சேர, எட்டுப் பேர் ஆனார்கள். கட்சியை விட்டு விலகினால் 1985-இன் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவி போகும். விலகாமல் தள்ளி உட்கார்ந்தால் போகாது. அப்படியே மூன்றரை வருடம் ஓடியது. 2016 பிப்ரவரியில் அந்த எட்டுப் பேரும் ராஜினாமா செய்ய, கட்சியின் பலம் குறைந்து, எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் போனது.

யார் செய்தது சரி என்பதில் எனக்கு அக்கறை இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. மத்தித் தொகுதியில் முரசுக்கு விழுந்த ஓட்டில் ஒரு பங்கு தலைவர் முகத்துக்கு, பெரும்பங்கு கூட்டணிக்கு. வேட்பாளருக்கென்று விழுந்தது கொஞ்சம். தலைவரோடு நின்றால் தொகுதிக்கு ஒன்றும் வராது, தொகுதிக்காகப் போனால் ஓட்டு வாங்கித் தந்த முகத்தை விட்டுப் போகவேண்டும். எல்லாம் ஒரு முகத்தில் தொங்குகிற கட்சியில் எம்எல்ஏ நிற்பதற்கென்று சொந்தத் தரை கிடையாது. பிரதிநிதி என்ற சொல்லே அங்கே ஊசலாடுகிறது: தொகுதியைத் தலைவரிடம் கொண்டுபோகிறவரா, தலைவரைத் தொகுதிக்குக் கொண்டுவருகிறவரா?

அந்த ஊசலைத் தாங்கிப் பிடிக்க நடுவில் ஏதாவது இருக்கவேண்டும். கிளைக் கூட்டம், உட்கட்சித் தேர்தல், நாலு பேர் எழுந்து கேள்வி கேட்கும் ஒரு செயற்குழு. பொறுப்புகள் தலைமைக் கழக அறிவிப்பாக வந்து, அறிவிப்பாகவே பறிபோகிற கட்சியில் அது வளராது. பெரிய கழகங்களிலும் நிலைமை பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அங்கே ஐம்பது வருடப் பழக்கமும், கூட்டுறவுச் சங்கமும், கல்யாண மண்டபமும் சேர்ந்து ஒரு எலும்புக்கூட்டையாவது தருகின்றன. தேமுதிகவுக்கு மன்றம் மட்டும்தான் எலும்பு. அதைத்தான் போர்டோடு சேர்த்துச் சுரண்டிவிட்டார்கள்.

அண்ணனின் நோட்டு 2012 கார்த்திகையில் நிற்கிறது. ஏன் விட்டீர்கள் என்றேன். "எந்த வாசல்ல போய் நிக்கிறதுன்னு தெரியலண்ணே. எம்எல்ஏ ஒரு பக்கம், கட்சி ஒரு பக்கம். நான் எழுதிக்கிட்டு யார்ட்ட குடுக்க?" 2016-இல் மக்கள் நலக் கூட்டணியோடு 104 இடங்களில் நின்று கட்சி எல்லாவற்றிலும் தோற்றது, உளுந்தூர்பேட்டையில் தலைவருக்கே டெபாசிட் போனது. 2.4 சதவீதம். 2021-இல் அது அரை சதவீதத்துக்கும் கீழே.

ஆளில்லாத ஐந்து வருடம்

இனி சொல்வதற்குத் தேமுதிக நேரடிப் பொறுப்பில்லை. ஆனால் சொல்லாமல் இந்த ஆய்வு முடியாது. 2016 அக்டோபரில் மதுரை மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. நடக்கவேண்டிய தேர்தலை இடஒதுக்கீட்டுக் குறைபாட்டுக்காக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் வார்டு மறுவரையறை, வழக்கு, மேயரை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்று மாறி மாறிச் சட்டத் திருத்தம். கடைசியில் 2022 பிப்ரவரி 19-இல்தான் தேர்தல். ஐந்து வருடத்துக்கு மேல் நூறு வார்டுக்கும் ஒரு கவுன்சிலர் இல்லை. ஒரு கையெழுத்துக்காக நான் அலைந்தபோது, யாரிடம் வாங்குவது என்று எனக்கும் தெரியவில்லை, கேட்டவருக்கும் தெரியவில்லை.

அந்த ஐந்து வருடத்தில் மதுரை சும்மா இருந்ததா என்றால் இல்லை. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் ஜல்லிக்கட்டுக்காக இரவு பகலாக உட்கார்ந்தார்கள்; அரசியல்வாதிகளைக் கிட்டே சேர்க்கவில்லை. 2018 பிப்ரவரி 21-இல் ஒத்தக்கடையில் கமல்ஹாசன் தன் கட்சியைத் தொடங்கினார், டெல்லியிலிருந்து கேஜ்ரிவால் வந்தார். ஊரில் கவுன்சிலரே இல்லாத பதினாறாவது மாதம் அது. எங்க வார்டுக்கு ஆள் எங்கே என்று கேட்டு இதில் நூறில் ஒரு பங்கு கூட்டமாவது கூடியதாக எனக்கு நினைவில்லை. மாநிலத்தை மீட்பதைப் பற்றிய பேச்சுக்குக் கைதட்டல் விழுகிறது. வார்டுக் கமிட்டிக்கு விழாது. ஜனரஞ்சகக் கட்சிகள் இந்தப் பழக்கத்தை உண்டாக்கவில்லை. ஆனால் அதை வைத்துத்தான் பிழைக்கின்றன.

2023 டிசம்பர் 28-இல் விஜயகாந்த் இறந்தார். அண்ணன் ராத்திரியே பஸ் ஏறிச் சென்னை போனார். அடுத்த வருடம் விருதுநகர் மக்களவைத் தொகுதியில் விஜயகாந்தின் மகன் அதிமுக கூட்டணியில் நின்று 4,379 ஓட்டில் தோற்றார். திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் அந்தத் தொகுதிக்குள்தான் வருகின்றன. பொதுச் செயலாளர் பதவி மனைவிக்கு, வேட்பாளர் இடம் மகனுக்கு. முகம் போனபின்பும் முகச்சாயலுக்கு இவ்வளவு ஓட்டு விழுந்தது. லோடுமேன்கள் இருவரும் இட்லிக் கடைக்காரரும் இப்போது எந்தக் கட்சியிலும் இல்லை. அந்தப் பையன் திருப்பூருக்குப் போய்விட்டான்.

கொஞ்ச நாள் முன்பு பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தெருப் பையன்கள் மூன்று பேர் பைக்கில் வந்தார்கள். புதுக் கட்சி ஒன்றின் மாநாடு, ஃப்ளெக்ஸ் கட்ட இரும்பு ஃப்ரேம் வேண்டும். பத்துக்கு எட்டு. அண்ணன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அளவைக் கேட்டுக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "நம்ம பள்ளிக்கூட பூத்துக்கு யாருடா ஏஜென்ட்டு?" என்றார்.

"அதெல்லாம் மேலருந்து லிஸ்ட்டு வரும்ணே" என்றான் ஒருவன்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அட்வான்ஸை வாங்கி, அந்தப் பழைய நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்: ஃப்ரேம் 10க்கு 8, ஒன்று. பாக்கி அறுநூறு.